பூமலின் மழைக்காட்டுக்குப் போவது எப்படி: படகு, பாதை, மழை எல்லாம் சேர்த்து ஒரு முழு வழிகாட்டி

மழைக்காடு என்றால் வெக்கையும் வியர்வையும்தான் நம் நினைவுக்கு வரும். தென் சிலியில் இருக்கும் பூமலின் அப்படியில்லை. நடுக்கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். பசிபிக்கிலிருந்து வரும் மேற்குக் காற்று ஆண்டிஸ் மலையில் முட்டி, சுமந்துவந்த ஈரத்தை எல்லாம் அங்கேயே கொட்டித் தீர்க்கிறது. ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் இங்கே உண்டு. பாறை, பாலம், வேலிக் கம்பு, நிறுத்தி வைத்த பழைய லாரி என்று எதன்மேலும் பாசி ஏறிவிடும்.

இன்னொன்று, இந்தக் காட்டைக் காப்பாற்ற முதலில் இறங்கியது அரசாங்கம் இல்லை. ஒரு தனி மனிதர் தன் காசில் நிலம் வாங்கித் தொடங்கியது. இப்போது தேசியப் பூங்கா.

போக நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே உங்கள் திட்டத்தைத் தீர்மானிப்பவை இரண்டுதான்: படகும் மழையும். படகுக்கு முதலில் இடம் பிடியுங்கள், மற்றதை மழையின் போக்குக்கு விட்டுவிடுங்கள். மணிவாரியாகத் திட்டம் போட்டுக்கொண்டு வருபவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது.

யார் வாங்கிய காடு?

டக்ளஸ் டாம்ப்கின்ஸ் ஓர் அமெரிக்கர். மலையேற்றச் சாமான்கள் விற்கும் தி நார்த் ஃபேஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர், எஸ்பிரி ஆடை நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர். வியாபாரத்தை விட்டுவிட்டு 1991இல் ரெஞிஹுவே கடற்கழியின் ஓரத்தில் சுமார் 17,000 ஹெக்டேர் பண்ணை ஒன்றை வாங்கினார். பிறகு பக்கத்து நிலம், அதற்குப் பக்கத்து நிலம் என்று வாங்கிக்கொண்டே போய்க் கிட்டத்தட்ட 3 லட்சம் ஹெக்டேர் சேர்ந்துவிட்டது. சிலி நாடு ஒல்லியானது என்பது வரைபடம் பார்த்தவர்களுக்குத் தெரியும். இவர் வாங்கிய நிலம் கடலோரத்திலிருந்து அர்ஜென்டினா எல்லை வரை குறுக்கே கிடந்தது. ஒரு வெளிநாட்டுக்காரர் கையில் நாடே இரண்டாக வெட்டுப்படுகிறதே என்று அரசியல்வாதிகளும் ராணுவமும் கொதித்தார்கள். அணுக்கழிவு கொட்டப்போகிறார், தனி நாடு அமைக்கப்போகிறார் என்றெல்லாம் வதந்திகள் கிளம்பின.

பூங்காவின் வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் நடுவே உய்னாய் என்று ஒரு நிலம். அதையும் வாங்க அவர் முயன்றார், கிடைக்கவில்லை. 1990களில் அது எண்டேசா என்ற மின்சார நிறுவனத்தின் கைக்குப் போனது. அதனால் பூங்கா இன்றைக்கும் இரண்டு துண்டுதான்.

2005இல் அரசு இதை இயற்கைச் சரணாலயமாக அறிவித்தது. 2015 டிசம்பரில் தெற்கே ஹெனரால் கரேரா ஏரியில் கயாக் கவிழ்ந்து, கடுங்குளிரில் டாம்ப்கின்ஸ் இறந்துபோனார். அவர் மனைவி கிறிஸ் டாம்ப்கின்ஸ் நிலத்தை முழுவதுமாகச் சிலிக்கே கொடுத்துவிட்டார். 2018 ஜனவரியில் அன்றைய அதிபர் மிச்செல் பாச்செலே கையெழுத்திட, அரசு நிலமும் சேர்ந்து சுமார் 4 லட்சம் ஹெக்டேரில் பூமலின் டக்ளஸ் டாம்ப்கின்ஸ் தேசியப் பூங்கா உருவானது. அடுத்த ஆண்டு நிர்வாகமும் அரசு வனத்துறையான கோனாஃபுக்கு மாறியது.

பணக்காரர் ஒருவர் இன்னொரு நாட்டில் போய் மலை மலையாக வாங்குவது எனக்கும் உறுத்தலான விஷயம்தான். அந்த ஊர்க்காரர்களின் சந்தேகத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் வாங்கியதைக் கடைசியில் திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் வெறும் காடாக இல்லாமல் பாதை, கூடாரத்திடல், பெயர்ப்பலகை எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய அந்தப் பலகைகளையும், இழைத்துச் செய்த சமையல் கொட்டகைகளையும் பார்த்தால் ஒரு துறை செய்த வேலைபோலவே இருக்காது. ஒரு ஆள் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துச் செய்யவைத்தது என்று தெரியும்.

முதலில் காலம், அப்புறம் காகிதம்

பூமத்திய ரேகைக்குத் தெற்கே என்பதால் நம் மார்கழியும் தையும் அங்கே கோடை. டிசம்பர் முதல் மார்ச் வரைதான் போகத் தக்க காலம். ஜனவரி, பிப்ரவரியில் பகல் நீளம், ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் கூட்டமும் அப்போதுதான். அதோடு டாபானோ என்ற பெரிய கடிக்கும் ஈ ஜனவரியில் ஆளைச் சுற்றிச் சுற்றி வரும். கருப்பு உடை போட்டால் இன்னும் அதிகம். கேட்டால் நான் மார்ச் முதல் பாதியைத்தான் சொல்வேன். ஈ குறைந்திருக்கும், படகில் இடம் கிடைக்கும், மழை மட்டும் கொஞ்சம் கூடுதல்.

இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சிலி விசா வேண்டும். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் உள்ளவர்களுக்கு விலக்கு இருந்து வருகிறது, ஆனால் விதி மாறும் என்பதால் டிக்கெட் போடுமுன் தூதரகப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் விமான நிலையத்தில் இருக்கிறது. உணவு, விதை, தாவரப் பொருள் விஷயத்தில் சிலி ரொம்பக் கறார். உள்ளே நுழையும்போது வேளாண் துறைக்கு ஓர் உறுதிமொழிப் படிவம் நிரப்ப வேண்டும். பையில் இட்லிப் பொடியோ ஊறுகாயோ பயறோ தேனோ எது இருந்தாலும் 'இருக்கிறது' என்று எழுதிவிடுங்கள். எழுதினால் பார்ப்பார்கள், கூடாததை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எழுதாமல் மாட்டினால் அபராதம். பழம் ஒன்றுகூட வேண்டாம், விமானத்தில் கொடுத்த ஆப்பிள் உட்பட.

போகும் வழி

சாண்டியாகோவிலிருந்து புயர்தோ மோந்த் நகரத்துக்கு உள்நாட்டு விமானம், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து பூங்காவின் வாசல் ஊரான சைத்தேனுக்கு மூன்று வழி உண்டு.

ஒன்று, சின்ன விமானம். முக்கால் மணி நேரம்தான். ஆனால் மேகம் இறங்கினால் பறக்காது, இந்தப் பக்கம் மேகம் இறங்காத நாள் எது? இரண்டாவது, புயர்தோ மோந்திலிருந்து சைத்தேனுக்கு நேராக இரவுப் படகு. ஒன்பது மணி நேரம்போல ஆகும். தூங்கி எழுந்தால் ஊர், ஆனால் வழியில் ஒன்றும் பார்க்க முடியாது, தினமும் ஓடுவதும் இல்லை.

மூன்றாவது வழிதான் நான் சொல்வது: ஏழாம் எண் சாலை, கரெத்தேரா அவுஸ்திரால். புயர்தோ மோந்திலிருந்து 45 கிலோமீட்டர் தெற்கே வந்தால் லா அரேனா என்ற துறை. அங்கே சாலை கடலில் முடிந்துவிடும். காரோடு படகில் ஏறி அரை மணி நேரத்தில் புவெல்ச்சே. இதற்கு முன்பதிவு கிடையாது, வரிசையில் நிற்க வேண்டியதுதான். அங்கிருந்து ஓர்னோபிரேன் ஊர் வரை திரும்பவும் சாலை. ஓர்னோபிரேனில் பெரிய படகு: செங்குத்தான மலைகளுக்கு நடுவே, அருவிகள் நேராகக் கடலில் விழ, நான்கு மணி நேரம்போல லெப்தெப்பு வரை. இறங்கி 10 கிலோமீட்டர் ஓட்டினால் இன்னொரு துறை, இன்னொரு சின்னப் படகு, அப்புறம் காலேத்தா கொன்சாலோ. பூங்காவின் நடுவிலேயே இறங்குகிறீர்கள். மேலே சொன்ன இரண்டு துண்டுக் கதையும் கடற்கழிகளின் செங்குத்துச் சுவர்களும் சேர்ந்து, இந்த இடத்தில் சாலை இல்லை.

ஓர்னோபிரேன் படகுதான் எல்லாவற்றுக்கும் சாவி. காருக்கான இடம் ஜனவரி, பிப்ரவரியில் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் படகு தேதி, அதற்கேற்ப கார், அதற்கேற்ப உள்நாட்டு விமானம், கடைசியில் விடுதி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஓர்னோபிரேனில் காத்துக் கிடக்கிறார்கள். படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே துறையில் இருங்கள். அதற்கு முன் லா அரேனாவில் நிற்கும் வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே முந்தைய இரவு ஓர்னோபிரேனில் தங்கிவிடுவது நிம்மதி.

கார் இல்லாதவர்களுக்குப் புயர்தோ மோந்திலிருந்து சைத்தேன் வரை பேருந்து உண்டு, பேருந்தே படகுகளில் ஏறி இறங்கும். காலையில் ஏறினால் மாலையில் ஊர். சிக்கல் அதற்குப் பிறகு: பாதைகள் சாலையோரம் பத்து, இருபது கிலோமீட்டர் இடைவெளியில் கிடக்கின்றன, அவற்றுக்கு இடையே நகரப் பேருந்தெல்லாம் கிடையாது. சைத்தேனில் வண்டி பேசிக்கொள்ளலாம், அல்லது கட்டைவிரலைத் தூக்கி நிற்கலாம்; இந்தச் சாலையில் லிஃப்ட் கேட்பது சாதாரணம், மழையில் நிற்கப் பொறுமை இருந்தால் சரி.

கையில் என்ன இருக்க வேண்டும்

நல்ல மழைக்கோட்டு, மழைக் கால்சட்டை. குடை வேண்டாம், கிளையில் மாட்டியே கிழிந்துவிடும். ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு நாள் காயாது, வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மாற்றுக் காலுறைகளை பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

பூங்காவில் தீ மூட்டத் தடை, அதனால் கேஸ் அடுப்பு வேண்டும். கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது, புயர்தோ மோந்தில் வாங்குங்கள். அங்கேயே அரிசி, பருப்பு, காய்கறியும் வாங்கிவிடுங்கள். சைத்தேனில் கடைகள் உண்டு, ஆனால் சைவர்களுக்கு உணவகத்தில் பெரிதாக ஒன்றும் தேறாது: மீன், மீன், மறுபடியும் மீன். ரொட்டி மட்டும் எங்கே வாங்கினாலும் அருமை. பணமும் கையில் இருக்கட்டும், ஊரின் ஏடிஎம்மை மட்டும் நம்ப வேண்டாம். பெட்ரோல் ஓர்னோபிரேனில் ஒருமுறை, சைத்தேனில் ஒருமுறை.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பகுதியில் நீளவால் எலி ஒன்று ஹாண்டா வைரஸைப் பரப்பும். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தானது. பூட்டிக் கிடந்த அறைக்குள் போகுமுன் கதவு சன்னல் எல்லாம் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள், உணவை மூடி வையுங்கள், வெறும் தரையில் படுக்காதீர்கள். தேசியப் பூங்காக்களுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது, கிளம்புமுன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாதை, எந்த வானிலைக்கு

இதுதான் முக்கியம். பாதைகளை நாள்வாரியாகப் பிரிக்காதீர்கள், வானத்தைப் பார்த்துப் பிரியுங்கள். தெளிந்த நாள் எரிமலைக்கு. தூறல் நாள் அலெர்சேக்கு. கொட்டுகிற நாள் அருவிக்கு.

அலெர்சே பாதை காலேத்தா கொன்சாலோவுக்குத் தெற்கே 12 கிலோமீட்டர் தள்ளிச் சாலையோரத்திலேயே தொடங்குகிறது. ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, ஒரு சுற்று. பலர் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அலெர்சே என்பது சைப்ரஸ் வகை மரம், 3600 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒன்றின் வளையங்களை அறிவியலாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். தண்டு பருப்பது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். மரம் உளுக்காது என்பதால் ஓடு ஓடாகப் பிளந்து வீட்டுக் கூரைக்கும் சுவருக்கும் போட்டார்கள், நார்ப்பட்டையைப் படகின் பலகை இடுக்குகளில் அடைத்தார்கள், ஒரு காலத்தில் இந்தப் பக்கம் அந்தப் பலகையே பணமாகப் புழங்கியது. வெட்டித் தீர்த்தபின் 1976இல் இயற்கைச் சின்னமாக அறிவித்து வெட்டத் தடை போட்டார்கள். மரத்தடியில் நின்று பட்டையைக் கிட்டத்தில் பாருங்கள்: செம்பழுப்பு நிறம், நீள நீளமான வரிகள், வரிகளின் பள்ளத்தில் ஈரப்பாசி, பாசியில் விரலளவு பெரணி, அதன் நுனியில் அடுத்த சொட்டு. தொட வேண்டாம், வேரை மிதிக்கவும் வேண்டாம். மரப்பலகை நடைபாதையை அதற்காகத்தான் போட்டிருக்கிறார்கள்.

அதற்குச் சற்று முன்பே சாலையின் எதிர்ப்பக்கம் துரோனதோர் குளத்துக்கு ஏறும் பாதை. தூரம் குறைவு, ஏற்றம் அதிகம். ஏணி, கயிற்றுப் பாலம், சேறு எல்லாம் உண்டு. போய்வர நான்கு மணி நேரம் வையுங்கள். வழுக்கும் நாளில் முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் தெற்கே காஸ்காதாஸ் எஸ்கோந்திதாஸ் அருவிகள். இரண்டு மணி நேரப் பாதை, மழை கொட்டினால்தான் இது அழகு. எப்படியும் நனைவீர்கள், அருவியில் நனைந்தால் என்ன.

வழியெங்கும் நால்கா என்ற செடி. ஒரு இலையில் ஒரு குடும்பமே பந்தி உட்காரலாம் போலிருக்கும். தண்டை உரித்து உப்புத் தொட்டு ஊர்க்காரர்கள் சாப்பிடுவார்கள், பூங்காவுக்குள் பறிக்க வேண்டாம், வெளியே யாராவது கொடுத்தால் சாப்பிட்டுப் பாருங்கள், புளிப்பு.

புதருக்குள்ளிருந்து பலமாக ஒரு குரல் கேட்டால் அது சுகாவ் குருவி. வலப்பக்கம் கூவினால் நல்ல சகுனம், இடப்பக்கம் கூவினால் கிளம்பாதே என்பது அந்த ஊர் நம்பிக்கை. பல்லி சொல்லும் பலன் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. நெஞ்சு செம்பழுப்பாக, வாலைத் தூக்கிக்கொண்டு காலடிக்கே வந்துவிடும். அசையாமல் நின்றால் போதும்.

கண்ணுக்கு எளிதில் தட்டாதது டார்வின் தவளை. மூன்று சென்டிமீட்டர்தான், மூக்கு கூராக நீண்டிருக்கும், கீழே கிடக்கும் இலை மாதிரியே இருக்கும். பெண் தவளை ஈரத் தரையில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் காவல் காத்து, தலைப்பிரட்டைகள் அசையத் தொடங்கியதும் வாயில் எடுத்துத் தன் குரல்பைக்குள் வைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் உள்ளேயே வளர்ந்து குட்டித் தவளைகளாக வெளியே வரும். தவளைகளைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோயும் காடழிப்பும் சேர்ந்து இதன் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. அந்தப் பூஞ்சை சேற்றோடு ஒட்டி வரும் என்பதால் வேறு காட்டில் போட்ட காலணியைக் கழுவி, நன்றாகக் காயவைத்துக் கொண்டு வாருங்கள்.

எரிமலை நாள்

வானம் வெளுத்த காலை என்று தெரிந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு சைத்தேன் எரிமலைக்குப் போய்விடுங்கள். பாதை ஊருக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் தொடங்குகிறது. ஒரு வழிக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அறுநூறு மீட்டர் போல ஏற்றம், பெரும்பகுதி மரக்கட்டைப் படிகள், ஒவ்வொரு படியும் சாதாரணப் படியைவிட உயரம். போய்வர மூன்று மணி நேரம், நின்று பார்ப்பவர்களுக்கு நான்கு. வழியில் நிழல் குறைவு, தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

2008 மே 2ஆம் தேதி இந்த எரிமலை வெடித்தது. பல ஆயிரம் ஆண்டு தூங்கியது என்று நினைத்திருந்ததால் யாரும் பெரிதாகக் கண்காணிக்கவில்லை. ஊரையே படகுகளில் ஏற்றி வெளியேற்றினார்கள். சாம்பல் அர்ஜென்டினா வரை போனது. சில நாள் கழித்துப் பெய்த மழையில் சாம்பலும் தண்ணீரும் சேற்று வெள்ளமாக இறங்கி, பிளாங்கோ ஆறு தடம் மாறி ஊரின் நடுவே புகுந்துவிட்டது. ஊரை வேறிடத்துக்கு மாற்ற அரசு திட்டம் போட்டது. மக்கள் கேட்கவில்லை, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாமலே திரும்பி வந்து குடியேறினார்கள். இன்றைக்கும் ஆற்றோரம் சன்னல் மட்டம் வரை சாம்பல் மூடிய வீடுகள் நிற்கின்றன. ஒரு மாலை போய்ப் பாருங்கள்.

பாதையில் ஏறும்போது சாம்பல் நிறத்தில், கிளையில்லாமல், காய்ந்த மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும், வெடிப்பின் சூட்டில் செத்தவை. அவற்றின் அடியில் இடுப்பளவு புதர், நால்கா, சிவப்புப் பூக்கள் தொங்கும் சில்கோ எல்லாம் புதிதாக முளைத்து நிற்கின்றன. காலடியில் நுரைக்கல், கையில் எடுத்தால் எடையே இருக்காது. கறுப்புக் கண்ணாடி போன்ற அப்சிடியன் கல்லும் கிடைக்கும், பழங்குடிகள் இந்த மலைக் கல்லைக் கொண்டு ஆயுதம் செய்தார்கள். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். உச்சி விளிம்பில் நின்றால் எதிரே வெடிப்பில் எழுந்த குன்று, அங்கங்கே ஆவி. விளிம்புக்கு அப்பால் இறங்கப் பாதை கிடையாது, முயலவும் வேண்டாம். சில சமயம் எச்சரிக்கை நிலையைப் பொறுத்துப் பாதையை மூடுவார்கள், முந்தைய நாளே வனக்காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெற்கு வாசல்

சைத்தேனிலிருந்து 25 கிலோமீட்டர் தெற்கே எல் அமரியோ. இங்கே சமவெளி, புல்வெளி, எதிரே மிச்சின்மாவிதா எரிமலையின் பனிமூடி. பனிப்பாறை நோக்கிப் போகும் பாதை போய்வர 20 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் இல்லை, ஒரு முழுப் பகல். குழந்தைகளோடு வருபவர்கள் முழுத் தூரமும் போகத் தேவையில்லை. கூடாரம் போட எனக்குப் பிடித்தது இந்தப் பக்கம்தான், காய்கிற தரை என்ற ஒரே காரணத்துக்காக. வடக்கே ஏரிக்கரைத் திடல்கள் அழகு, ஆனால் கூடாரத்தை ஈரத்தோடு மடிக்க வேண்டிவரும். குளிக்கப் பெரும்பாலும் பச்சைத்தண்ணீர்தான். எந்தத் திடல் திறந்திருக்கிறது என்பது பருவத்துக்குப் பருவம் மாறும், அதையும் காவலரிடமே கேளுங்கள்.

மொத்தத்தில் நான்கு இரவாவது வைத்தால் ஒரு நல்ல வானிலை நாள் கிடைக்கும் என்று நம்பலாம். இரண்டு இரவு என்றால் அது சூதாட்டம். வடபகுதியில் கவெல்மோ வெந்நீர் ஊற்று இருக்கிறது, ஆனால் ஓர்னோபிரேனிலிருந்து தனிப்படகு பேசித்தான் போக முடியும், செலவு அதிகம், ஆள் சேர்ந்தால் பாருங்கள்.

வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. சைத்தேனிலிருந்து சிலோயே தீவின் கெயோன் துறைக்குப் படகு உண்டு, நான்கைந்து மணி நேரம். அங்கிருந்து சாலையிலேயே புயர்தோ மோந்த் போய்விடலாம், இடையில் ஒரு சின்னக் கடல் தாண்டல்தான். எதில் திரும்பினாலும் சீட்டைப் போகும்போதே எடுத்துவிடுங்கள். மார்ச் தொடக்கத்தில் சிலியில் பள்ளி திறக்கிறது, பிப்ரவரி கடைசி வாரம் நாடே வடக்கே திரும்பும், அப்போது துறையில் போய் நின்று கார் இடம் கேட்டால் கிடைக்காது.